50 மீட்டர் குளத்தில் ஆண்கள் வாட்டர் போலோ: சிங்கப்பூர் 2025 மாதிரி களம் போட முடியுமா?

#1 குளக்கரை
சென்னையில் எட்டு லேன் உள்ள வெளிக்குளம். நீளம் 50 மீட்டர், அகலம் 21. ஒரு முனையில் ஆழம் 1.2 மீ. அங்கிருந்து சரிந்து 20 மீட்டர் தள்ளி 2 மீட்டரைத் தொடுகிறது, பிறகு மறுமுனை வரை அதே 2 மீட்டர்தான். ஆறு ஆண்கள் அணி, சனி ஞாயிறு இரண்டு நாள் போட்டி. சிங்கப்பூரில் நடந்த 2025 உலக சாம்பியன்ஷிப்பில் ஸ்பெயினும் ஹங்கேரியும் மோதிய இறுதி ஆட்டத்தைப் பார்த்ததிலிருந்து எல்லா அணிக்கும் அதே மாதிரி களம் வேண்டுமாம். கோல் இரண்டும் மிதக்கும் வகை. சுவரில் லேன் கொக்கிகள் உண்டு, பக்கச் சுவரில் எதுவும் இல்லை. களத்தை எங்கே வைப்பது, எப்படிக் கட்டுவது?

#2 கயிறுகம்பி
முதலில் நல்ல சேதி. ஆண்கள் களம் 30 மீட்டராக இருந்த காலத்தில் உங்கள் குளம் கொஞ்சம் தகராறு செய்திருக்கும். 2025இலிருந்து உலக அளவில் ஆண்களுக்கும் 25 மீட்டர்தான், சிங்கப்பூரில் ஆடியதும் அதுவே. எனவே ஆழமான பக்கத்திலேயே முழுக் களமும் அடங்கிவிடும்.

கணக்கு இப்படி. கோலின் வலை பின்பக்கம் சுமார் 80 செ.மீ. நீளும். ஆகவே ஆழமான சுவரிலிருந்து 1 மீ தள்ளி முதல் கோல் கோடு. அங்கிருந்து 25 மீட்டரில், அதாவது சுவரிலிருந்து 26 மீட்டரில், இரண்டாவது கோடு. ஆழமில்லாத சுவரிலிருந்து அது 24 மீ தூரம். அங்கே ஆழம் 2 மீ, கோலுக்குப் பின்னாலும் 4 மீட்டருக்கு அதே ஆழம். 30 மீ போட்டிருந்தால் அந்தக் கோடு சரிவின் மேல் விழுந்திருக்கும்.

இப்போது எல்லாரும் சொதப்பும் இடம். ஆழமான சுவரை ஒட்டிய கோலை அந்தச் சுவரோடு கட்டுவது எளிது. எதிர்க் கோலிலிருந்து ஆழமில்லாத சுவர் வரை ஏறக்குறைய 23 மீ கயிறு போகும். கடையில் கிடைக்கிற நைலான் கயிறு வாங்கிக் கட்டாதீர்கள். நைலான் தண்ணீர் குடித்ததும் நீளும், இழுத்தாலும் நீளும். 2 சதவீதம் நீண்டாலே 46 செ.மீ. காலையில் 25 மீட்டராக இருந்த களம் இரண்டாவது மேட்சில் 25.4 ஆகிவிடும், கோலும் பக்கவாட்டில் ஆடும். பாலிப்ராப்பிலீன் கயிறு தண்ணீர் குடிக்காது, மிதக்கவும் செய்யும். ஆனால் சென்னை வெயிலில் ஒரு சீசனில் பொடிந்துபோகும். சரியான வழி, கழற்றி வைத்த லேன் கயிற்றின் ஸ்டீல் கம்பியையே எடுத்துக்கொள்வது.

கட்டும் முறை: ஆழமான சுவர் – கோல் ஒன்று – இரண்டு பக்கக் கம்பிகள் – கோல் இரண்டு – ஆழமில்லாத சுவர். எல்லாம் ஒரே சங்கிலி. ஒரு முனையில் மட்டும் டர்ன்பக்கிள் (திருகி இறுக்கும் இணைப்பு) போட்டு இறுக்குங்கள். இரண்டு முனையிலும் போட்டால் எதை இறுக்கினோம் என்று தெரியாமல் களம் முழுவதும் ஒரு பக்கம் நகர்ந்துவிடும். கோலின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் மிதவைக் கை இருந்தால் பக்கக் கம்பியை அதன் நுனியில் மாட்டுங்கள், கம்பத்தில் அல்ல. கம்பத்தில் மாட்டினால் இறுக்கும்போது கோல் முன்பக்கம் குனியும்.

கொக்கி, ஷாக்கிள் (இணைப்பு வளையம்) எல்லாம் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304 குளோரின் தண்ணீரில் பழுப்புக் கறை பிடிக்கும். கம்பியில் ஒரு இழை அறுந்திருந்தாலும் டேப் சுற்றாமல் தண்ணீரில் இறக்காதீர்கள், கை கிழியும்.

#3 ஆறுமீட்டர்
கம்பி அண்ணன் சொன்னதற்கு மேல் இரண்டு விஷயம்.

பக்கக் கம்பியில் மிதவை நிறம் முக்கியம். கோல் கோட்டிலிருந்து 2 மீ வரை சிவப்பு. 2 முதல் 6 வரை மஞ்சள். 6 முதல் நடுவரை பச்சை. நடுவில் வெள்ளை. 5 மீட்டரில் பெனால்டிக்காக ஒரு சிவப்புக் குறி. உங்கள் 25 மீ களத்தில் பாதிக்கு 2 + 4 + 6.5 வரும். பழைய செட் வாங்கினால் மஞ்சள் 5 மீட்டரோடு முடிந்திருக்கும், மாற்றிக் கோர்த்துவிடுங்கள். ஏனென்றால் இப்போது ஆட்டமே அந்த 6 மீட்டர் கோட்டில்தான் இருக்கிறது. ஃபவுல் அதற்கு வெளியே நடந்தால் நேராகக் கோலுக்கு அடிக்கலாம், உள்ளே நடந்தால் அடிக்கக் கூடாது. தாக்குபவர் 6 மீட்டருக்குள் கோலைப் பார்த்து அடிக்கப்போகும்போது பின்னாலிருந்து பிடித்தால் பெனால்டி. நிறம் அரை மீட்டர் தவறினால் ரெஃப்ரி தீர்ப்பும் அரை மீட்டர் தவறும்.

இரண்டாவது, அகலம். 21 மீட்டர் முழுவதையும் களமாக்காதீர்கள். 20 மீ களம், இரு பக்கமும் அரை அரை மீட்டர் சந்து. ஓடும் ஆட்டத்தில் ஆளை மாற்ற அந்தச் சந்து வேண்டும். வெளியே வருபவரும் உள்ளே போகிறவரும் தண்ணீருக்கு மேலே கை தட்டிக்கொண்டால்தான் மாற்றம் செல்லும்.

#4 குளக்கரை
நன்றி அண்ணா. ஒரு அணி, 1.2 மீ பக்கத்திலும் ஒரு கோல் போட்டு 45 மீட்டர் முழுக்க ஆடலாமே என்கிறது. தண்ணீரில் மிதந்து நிற்கத் தெரியாதவர்களுக்கு வசதி என்று!

#5 ஆறுமீட்டர்
அந்த வசதியே ஃபவுல். களத்து வீரர் தரையில் நிற்கவோ நடக்கவோ தரையை உதைத்துக் குதிக்கவோ கூடாது. கோலிக்கு (கோல்கீப்பருக்கு) மட்டும் தன் 6 மீட்டருக்குள் விலக்கு. 1.2 மீட்டரில் நிமிடத்துக்கு நான்கு விசில் ஊத வேண்டிவரும். விதிப்புத்தகத்தில் ஆழமில்லாத குளத்துக்கும் அளவு உண்டு: ஆழம் 1.5 மீட்டருக்குக் கீழ் போனால் குறுக்குக் கம்பி தண்ணீரிலிருந்து 90 செ.மீ. அல்ல, தரையிலிருந்து 2.4 மீ. அதாவது உங்கள் 1.2 மீ முனையில் கோல் தண்ணீருக்கு மேல் 1.2 மீ நிற்கும். ஒரு பக்கக் கோல் 90, மறுபக்கம் 120. பயிற்சிக்குச் சரி. போட்டிக்கு வேண்டாம்.

#6 பதிமூணு
கோல் பற்றி கோலி பக்கத்திலிருந்து. கம்பங்களுக்கு நடுவே உள்ளளவு 3 மீ, குறுக்குக் கம்பியின் கீழ்விளிம்பு தண்ணீரிலிருந்து 90 செ.மீ., கம்பத்தின் அகலம் 7.5 செ.மீ. இதை வலை மாட்டுவதற்கு முன்னால் அளந்து திருப்திப்பட்டுக்கொள்வார்கள். வலை மாட்டி, நனைந்து, நாலு ஷாட் வாங்கிய பிறகு அளந்து பாருங்கள், 86 இருக்கும். பிவிசி குழாயில் வீட்டில் செய்த கோல் என்றால் இன்னும் மோசம், மூட்டு வழியே குழாய்க்குள் தண்ணீர் ஏறி ஒரு பக்கம் சாயும். கரையில் ஒரு 90 செ.மீ. மரச்சட்டம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மேட்சுக்கு முன்னும் இரு முனையிலும் நடுவிலும் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது.

சுவரில் பொருத்தும் கோல் இருந்தால் வேறு வம்பு. முந்தின இரவு ஃபில்டர் பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவுவது) செய்து தண்ணீர் 5 செ.மீ. இறங்கினால் கோல் 95 ஆகிவிடும். மிதக்கும் கோலுக்கு அந்தக் கவலை இல்லை.

#7 மத்து
களம் இருக்கட்டும். ஆறு அணியில் எத்தனை பேருக்கு எக்பீட்டர் (நிமிர்ந்து மிதக்கக் கால்களை மாறி மாறிச் சுற்றும் உதை) ஒழுங்காக வருகிறது? நீச்சலில் பதக்கம் வாங்கியவர்கள்கூட இரண்டாவது கால்பகுதியில் மூக்கு வரை முங்கிப்போவது இதனால்தான்.

ஸ்டூலில் உட்கார்ந்த மாதிரி தொடை முன்னால், முதுகு நேராக. முழங்கால் இடுப்பை விட அகலமாக. பாதத்தை மேல்நோக்கி மடக்கி, உள்பாதத்தால் தண்ணீரை உள்பக்கமாக வழித்துக் கீழே தள்ள வேண்டும். ஒரு கால் முடிக்கும்போது மறு கால் தொடங்க வேண்டும். மோர் கடையும் மத்து ஒரு பக்கம் சுற்றி முடிக்கும்போதே மறுபக்கம் திரும்புகிறதே, அந்த லயம். இரண்டு காலும் சேர்ந்து உதைத்தால் அது பிரெஸ்ட் ஸ்ட்ரோக் உதை. ஆள் ஏறி ஏறி இறங்குவார், இறங்குகிற நொடியில் பாஸ் வந்தால் போச்சு.

சரியாக வருகிறதா என்று பார்க்க எளிய வழி: கரையில் உட்கார்ந்து தலை உச்சியைக் கவனியுங்கள். ஒரே மட்டத்தில் நின்றால் சரி. தையல் மெஷின் ஊசி மாதிரி மேலும் கீழும் போனால் கால் சேர்ந்து அடிக்கிறது.

பயிற்சி: 30 வினாடி கை தண்ணீரில், 30 வினாடி மணிக்கட்டு வெளியே, 30 வினாடி முழங்கை வெளியே, 30 ஓய்வு. ஆறு சுற்று. இது வந்த பிறகு 5 லிட்டர் கேனில் 2 லிட்டர் தண்ணீர் ஊற்றித் தலைக்கு மேல் பிடிக்கச் சொல்லுங்கள். கேன் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தால் எடையே இல்லை, முழுவதும் மேலே இருந்தால்தான் 2 கிலோ. இதில் ஏமாற்றுவார்கள், கவனம்.

ஒரு எச்சரிக்கை. முழங்காலின் உள்பக்கத்தில் வலி என்றால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். இடுப்பு திறக்காதவர்கள் முழங்காலைத் திருகி அந்த வட்டத்தைப் போடுவார்கள், வலிக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். கரையிலேயே தொடை உள்தசையை நீட்டும் பயிற்சி தினமும் பத்து நிமிடம் வேண்டும்.

#8 குளக்கரை
பந்து? இரண்டு புதுப் பந்து வாங்கினோம், இரண்டும் கையில் வழுக்குகிறது.

#9 கயிறுகம்பி
எத்தனை காற்று அடித்தீர்கள்?

#10 குளக்கரை
கையால் அழுத்திப் பார்த்து, கல் மாதிரி ஆகும்வரை.

#11 கயிறுகம்பி
😀 அதேதான். ஆண்கள் பந்து 5ஆம் எண், சுற்றளவு 68 முதல் 71 செ.மீ., எடை 400 முதல் 450 கிராம், காற்று 8 முதல் 9 பி.எஸ்.ஐ. அழுத்தமானி இல்லாமல் அடிக்காதீர்கள். ஊசியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு செருகுங்கள், உலர் ஊசி வால்வு ரப்பரைக் கிழிக்கும்.

நம் ஊரில் இன்னொன்று. காலையில் 28 டிகிரியில் 8.5 அடித்த பந்தை மதியம் கான்கிரீட் கரையில் போட்டு வைத்தால், உள்காற்று 50 டிகிரிக்குப் போகும்போது அழுத்தம் 10.2 ஆகிவிடும். துள்ளும், விரல் பிடிக்காது. பந்தைத் தண்ணீரிலேயே ஒரு வலைப்பையில் போட்டு வையுங்கள்.

சன்ஸ்கிரீன் பூசிய கையும் பந்தைப் பாழாக்கும். லேசான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தினால் பிடி திரும்பும்.

#12 ஆறுமீட்டர்
சன்ஸ்கிரீன் பேச்சு வந்ததால் சொல்கிறேன். உடம்பில் எண்ணெய், கிரீஸ் எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. மேட்சுக்கு முன் ரெஃப்ரி நகத்தையும் பார்ப்பார். போட்டி சனிக்கிழமை, நம்மாட்கள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதும் சனிக்கிழமை. அணித் தலைவர்களுக்கு முன்கூட்டியே தகவல் அனுப்பிவிடுங்கள். நகவெட்டி இரண்டு கரையில் இருக்கட்டும்.

#13 நீலத்தொப்பி
குறுக்கே வருகிறேன். இறுதி ஆட்டத்தைப் பார்த்த அணிகள் ஸ்பெயினின் கோல்களைத்தான் பார்த்திருக்கும். ஸ்பெயின் 15, ஹங்கேரி 13. ஆண்கள் உலக சாம்பியன்ஷிப் 1973இல் பெல்கிரேடில் தொடங்கியபோது முதல் பட்டம் ஹங்கேரிக்கு. சிங்கப்பூரோடு ஸ்பெயினுக்கும் நான்கு ஆகி (1998, 2001, 2022, 2025) இத்தாலி, ஹங்கேரி, ஸ்பெயின் மூன்றும் ஆளுக்கு நான்கில் நிற்கின்றன. ஒலிம்பிக்கில் கடைசி மூன்று தங்கமும் வைத்திருக்கிற செர்பியா சிங்கப்பூரில் பதக்கமே வாங்கவில்லை, வெண்கலம் கிரீஸுக்குப் போனது.

நம் பக்கம் பெருமைப்பட ஒன்று உண்டு: 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் வாட்டர் போலோ தங்கம் இந்தியாவுக்கு. 1970 பாங்காக்கில் வெள்ளி, 1982 டெல்லியில் வெண்கலம். அப்புறம் அந்தப் பக்கம் ஆளைக் காணோம்.

#14 மத்து
ஆளைக் காணாததற்குக் காரணம் கால்தான் என்பேன்.

#15 நீலத்தொப்பி
எக்ஸ்ட்ரா மேன் என்பேன் நான். எதிரணியில் ஒரு ஆள் ஃபவுலால் வெளியேற்றப்பட்ட அந்த 20 வினாடியில் என்ன செய்வது என்று தெரியாத அணி, கால் எவ்வளவு வலுவாக இருந்தாலும் தோற்கும்.

ஆறு பேர் ஐந்து பேரைத் தாக்கும்போது வழக்கமான அமைப்பு 4-2. இரண்டு பேர் கோல் கம்பங்களுக்கு நேராக 2 மீட்டர் கோட்டில் (2, 3ஆம் இடம்). இரண்டு பேர் அகலமாக இரு ஓரத்தில் (1, 4). இரண்டு பேர் மேலே (5, 6). இடக்கை ஆட்டக்காரர் இருந்தால் வலது ஓரம் அவருக்குத்தான், அங்கிருந்து அவர் அடிக்கும் கோணம் திறந்திருக்கும்.

விசில் ஊதியதும் நான்கு வினாடிக்குள் ஆறு பேரும் இடத்தில் இருக்க வேண்டும். பிறகு மூன்று அல்லது நான்கு பாஸ், பந்து தண்ணீரைத் தொடாமல். கோலி எந்தக் கம்பத்துப் பக்கம் நகர்கிறாரோ அதற்கு எதிர்ப்பக்கம் ஷாட். 12ஆவது வினாடிக்குள் அடித்துவிட்டால் ரீபவுண்ட் (பட்டுத் திரும்பும் பந்து) கிடைத்து இன்னொரு முறை அடிக்க நேரம் இருக்கும்.

நம் அணிகள் செய்யும் தவறு இரண்டு. கம்பத்தில் நிற்பவர் பந்து வருவதற்கு முன்பே 2 மீட்டருக்குள் நழுவிவிடுவார், பந்து எதிரணிக்கு. மேலே இருப்பவர் பாஸ் வாங்கிய பிறகு எழும்புவார். எழும்பிய பிறகுதான் வாங்க வேண்டும். அரை வினாடி வித்தியாசம், அதற்குள் தடுப்பவர் கை மேலே வந்துவிடும்.

#16 பதிமூணு
எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு வரி. ஐந்து பேர் தடுக்கும்போது கோலியும் முன்னால் இருவரும் முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும்: தூரத்துக் கம்பம் தடுப்பவர் கைக்கு, அருகில் உள்ள கம்பம் கோலிக்கு. தடுப்பவரும் கோலியும் ஒரே மூலைக்குப் போனால் மறு மூலை வெறும் வலை.

#17 குளக்கரை
நேரக் கணக்கு மேசைக்கு எத்தனை பேர் வேண்டும்? எங்களிடம் நீச்சல் போட்டிக்கான ஸ்டாப்வாட்ச் ஆட்கள் இருக்கிறார்கள்.

#18 ஆறுமீட்டர்
நாலு பேர். ஒருவர் ஆட்டக் கடிகாரம், ஒருவர் ஷாட் கிளாக் (பந்து வைத்திருக்கும் அணி ஷாட் அடிக்க வேண்டிய நேரம்), ஒருவர் ஸ்கோர் ஷீட்டும் தனிப்பட்ட ஃபவுலும், ஒருவர் வெளியேற்றப்பட்டவர் திரும்பும் நேரமும் கொடியும். நீச்சலில் பழகியவர்களுக்கு ஓடும் கடிகாரம்தான் பழக்கம். இங்கே விசில் ஊதினால் கடிகாரம் நிற்கும், ஃப்ரீ த்ரோவில் பந்து கையை விட்டுப் போனதும் ஓடும். எனவே 8 நிமிடக் கால்பகுதி 12 நிமிடத்துக்கு மேல் இழுக்கும். நான்கு கால்பகுதி, இடைவெளி 2 நிமிடம், பாதி ஆட்டத்தில் 3. ஒரு மேட்சுக்கு 75 நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு மணி நேரம் என்று அட்டவணை போட்டால் மாலைக்குள் எல்லாம் தள்ளிப்போகும்.

ஷாட் கிளாக்: சிங்கப்பூரில் 25 வினாடி. பழகாத அணிகளுக்கு 2019 விதிப்படி 30 வைத்துக்கொள்வதே நல்லது, அதை முந்தின நாள் கூட்டத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அந்த விதியில் பந்து கை மாறினால் 30. ஷாட் அடித்து ரீபவுண்ட் தாக்கும் அணிக்கே வந்தால் 20. கார்னர் 20. வெளியேற்றம் 20. இந்த 30/20 குழப்பம்தான் மேசையில் நடக்கும் சண்டையில் முக்கால்வாசி. ஷாட் கிளாக் ஆள் வேறு எந்த வேலையும் செய்யக் கூடாது, தண்ணீர் பாட்டில்கூட எடுத்துக் கொடுக்கக் கூடாது.

மூன்று தனிப்பட்ட ஃபவுல் ஆனால் அந்த ஆள் மேட்சுக்கு அவுட், பதிலாள் வரலாம். பெனால்டி கொடுத்ததும் அந்தக் கணக்கில் சேரும். பலர் வெளியேற்றத்தை மட்டும் எண்ணி, பெனால்டியை விட்டுவிடுவார்கள். சமன் ஆனால் ஐந்து ஐந்து பெனால்டி.

#19 கயிறுகம்பி
கடைசியாகத் தண்ணீர். இந்த ஆட்டத்தில் கண்ணாடி போட முடியாது. வெளிக்குளத்தில் வெயில் குளோரினைத் தின்றுவிடும் என்று காலையிலேயே அள்ளிக் கொட்டுவார்கள், இரண்டாவது மேட்சில் எல்லார் கண்ணும் சிவக்கும். ஃப்ரீ குளோரின் 1 முதல் 3 பிபிஎம், பிஎச் 7.2 முதல் 7.6. காலை, மதியம், மாலை மூன்று முறை சோதியுங்கள், தேவைப்பட்டால் மேட்சுகளுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக. கண் எரிச்சலுக்குப் பாதி காரணம் குளிக்காமல் இறங்கும் ஆட்கள். வியர்வை குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமின்தான் எரிக்கும். ஷவர் கட்டாயம்.

கோல் எந்தத் திசை பார்க்கிறது?

#20 குளக்கரை
கிழக்கு மேற்கு. ஆழமான முனை மேற்கு.

#21 பதிமூணு
அப்படியானால் காலை மேட்சில் மேற்குக் கோலி சூரியனை நேராகப் பார்ப்பார், மாலையில் கிழக்குக் கோலி. பாதி ஆட்டத்தில் பக்கம் மாறுவதால் இரு அணிக்கும் சமம்தான். ஆனாலும் 7 மணி மேட்சைத் தவிருங்கள். சூரியன் தாழ இருக்கும்போது தண்ணீரில் அடிக்கும் ஒளி இன்னும் மோசம், துள்ளி வரும் ஷாட் தெரியவே தெரியாது. 8.30க்குத் தொடங்கி 11க்குள் இரண்டு மேட்ச், மறுபடி 3.30க்கு ஒன்று, 5க்கு ஒன்று.

#22 குளக்கரை
5 மணி மேட்ச் 6.15 வரை போகும், விளக்கு போடச் சொல்லிவிடுகிறேன். தொப்பி 13 வெள்ளை, 13 நீலம் ஒரே செட் ஆறு அணிக்கும் போதுமா?

#23 ஆறுமீட்டர்
இரண்டு செட் வையுங்கள். அடுத்தடுத்த மேட்சுக்கு ஈரத் தொப்பியின் நாடா முடிச்சு அவிழவே அவிழாது, கத்தரிக்கோல் தேடுவார்கள். கோலிகளின் 1, 13 எண் தொப்பிகள் சிவப்பு. காதுக் கவசம் உடைந்த தொப்பியை அன்றே ஒதுக்கிவிடுங்கள், முழங்கை பட்டால் செவிப்பறை போய்விடும்.